பாடலாசிரியர் விமானத்திலிருந்து இறங்கியபோது: தி பேர்ட்ஸ் குழு, 1964 – 1991

எதற்காக இந்தப் பதிவு

அமெரிக்காவில் ஃபோக் ராக் என்ற, நாட்டுப்பாட்டையும் ராக் இசையையும் கலந்த இசை வகையைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுபோனது யார் என்று கேட்டால், பெரும்பாலும் தி பேர்ட்ஸ் என்றுதான் பதில் வரும். 1964இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒன்றுசேர்ந்த 5 இளைஞர்கள். 1965 என்ற ஒரே வருடத்தில் அவர்களுடைய 2 பாட்டுகள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. 1968 முடிவதற்குள் அந்த 5 பேரில் ஒரே ஒருவர்தான் குழுவில் மிச்சம் இருந்தார்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இசையிலிருந்து தொடங்குவார்கள். எனக்கும் அந்த இசை உயிர்தான். ஆனால் வருடக்கணக்காகக் கேட்ட பிறகு, குழு ஏன் இவ்வளவு சீக்கிரம் சிதறியது என்பதற்கு இசையில் மட்டும் விடை கிடைக்காது என்று தோன்றியது. யார் எழுதிய பாட்டு இசைத்தட்டில் ஏறுகிறது, அதற்கான காசு யாருக்குப் போகிறது, ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு இந்தக் கதையை மறுபடி பார்க்கிறேன். கூட்டாகச் சேர்ந்து வேலை செய்கிற யாருக்கும் இது பயன்படும்.

ஆட்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். முன்னணிக் கிட்டார்காரர், பாடலாசிரியர், மேல்குரல் பாடகர், பாஸ்காரர், டிரம்மர் என்று அவரவர் இடத்தை வைத்தே குறிக்கிறேன். பெயர் தெரிந்தால் யார் பக்கம் நிற்பது என்று மனம் உடனே முடிவு செய்துவிடுகிறது.

பின்னணி: மூன்று குரல்கள், ஒரு அட்டைப்பெட்டி

முதலில் சந்தித்தவர்கள் மூவர். முன்னணிக் கிட்டார்காரர் ஃபோக் குழுக்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். நியூயார்க்கில் கூலிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்த அனுபவமும் இருந்தது. பாடலாசிரியர் ஒரு பெரிய ஃபோக் பாட்டுக் குழுவில் சம்பளத்துக்குப் பாடிவிட்டு அதை விட்டு வந்தவர். மேல்குரல் பாடகர், ஒரு மெட்டைக் கேட்டதும் அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்காத ஒரு இணைக்குரலைக் கண்டுபிடிக்கக்கூடியவர். மூவரும் கூடிய இடம் மேற்கு ஹாலிவுட்டில் உள்ள ட்ரூபடோர் கிளப்.

மூவரும் பீட்டில்ஸ் பாட்டுகளில் கிறங்கியிருந்தார்கள். 1964இல் வெளிவந்த பீட்டில்ஸ் திரைப்படத்தைக் குழுவாகப் போய்ப் பார்த்தார்கள். அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்த 12 கம்பி ரிக்கன்பேக்கர் மின்கிட்டாரைப் பார்த்ததும் முன்னணிக் கிட்டார்காரர் அதே மாதிரி ஒன்று வாங்கிவிட்டார். அந்த வாத்தியத்தில் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். கீழ்ச்சுருதி ஜோடிகளில் ஒரு கம்பிக்கு ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு கம்பி. பதிவு செய்யும்போது சத்தத்தை நன்றாக அமுக்கி, ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கினால், மணியோசை மாதிரி நீண்டு ஒலிக்கும். பேர்ட்ஸ் என்றதும் காதில் விழுவது அந்த ஓசைதான்.

பிறகு இருவர் சேர்ந்தார்கள். பாஸ்காரர் அதுவரை புளூகிராஸ் என்ற கன்ட்ரி இசை வகைக் குழுக்களில் மாண்டலின் வாசித்தவர். பாஸ் கிட்டாரை அங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். டிரம்மரிடம் டிரம் செட் வாங்கக் காசு இல்லை. ஆரம்பத்தில் அட்டைப்பெட்டிகளைத் தட்டியே பயிற்சி செய்தார். குழுவின் மேலாளருக்கு வேர்ல்ட் பசிபிக் ஸ்டுடியோவில் செல்வாக்கு இருந்தது. இரவில் ஸ்டுடியோ காலியாக இருக்கும் நேரத்தில் இவர்களை உள்ளே விட்டு, பாடுவதைப் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் காட்டுவார். தன் குரலைத் தானே திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அன்றைக்குப் புதுக் குழு எதற்கும் எளிதில் கிடைக்காது. ரவிசங்கரின் சிதார் இசைத்தட்டுகளை அமெரிக்காவில் வெளியிட்டதும் இதே வேர்ல்ட் பசிபிக் நிறுவனம்தான். அதன் விளைவு பின்னால் வரும்.

வேறு பெயரில் போட்ட முதல் தட்டு விலைபோகவில்லை. 1964 நவம்பரில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. அதே மாதம் நன்றி நவிலல் விருந்தின்போது ‘பேர்ட்ஸ்’, அதாவது பறவைகள், என்ற பெயரை முடிவு செய்தார்கள், Birds என்ற எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி Byrds என்று.

முதல் முடிவு: யார் வாசிப்பது?

ஃபோக் பாடகர் பாப் டிலன் எழுதிய ‘மிஸ்டர் டம்பரின் மேன்’ பாட்டின் வெளிவராத பதிவு ஒன்றை மேலாளர் எங்கிருந்தோ வாங்கி வந்தார். குழுவுக்குப் பிடிக்கவில்லை. மேலாளர் விடவில்லை. தாளத்தை மாற்றி, வரிகளைச் சுருக்கி, தொடக்கத்தில் 12 கம்பியின் மணியோசையை வைத்து, அதைச் சின்னப் பாட்டாக்கினார்கள். டிலனே ஸ்டுடியோவுக்கு வந்து கேட்டுவிட்டு, இதற்கு ஆடலாம் போலிருக்கிறதே என்று வியந்ததாகச் சொல்வார்கள்.

1965 ஜனவரி 20. கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவு. கம்பெனியின் தயாரிப்பாளர் அன்று எடுத்த முடிவு இது: வாத்தியங்களை அனுபவசாலியான ஸ்டுடியோ கலைஞர்கள் வாசிக்கட்டும். குழுவிலிருந்து முன்னணிக் கிட்டார்காரர் மட்டும் தன் 12 கம்பியை வாசித்தார். பாடியது அவரும், பாடலாசிரியரும், மேல்குரல் பாடகரும். பாஸ்காரரும் டிரம்மரும் பேர்ட்ஸ் பெயரில் வந்த முதல் தட்டில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை.

முடிவுக்குக் காரணம் இருந்தது. ஸ்டுடியோ நேரம் விலை உயர்ந்தது. டிரம்மர் சேர்ந்தே சில மாதங்கள்தான். அடுத்த முதலிடப் பாட்டைக் குழுவே வாசித்தபோது எழுபதுக்கு மேல் டேக், அதாவது பதிவு முயற்சி, ஆனதாக முன்னணிக் கிட்டார்காரர் பின்னாளில் கணக்குச் சொல்லியிருக்கிறார். தயாரிப்பாளர் பயந்ததில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். கவனிக்க வேண்டியது, குழுவுக்குள் அன்று விழுந்த கோடு. தட்டில் இருப்பவர்கள், தட்டில் இல்லாதவர்கள் என்று ஐவரும் இரண்டாகப் பிரிந்தது அன்றைக்குத்தான். மற்ற பாட்டுகளை ஐவருமே வாசித்து அந்த வருடமே அதைச் சரிசெய்தார்கள். ஆனால் இன்னொரு கோடு ஏற்கனவே விழத் தொடங்கியிருந்தது.

கவனித்தவை: பி பக்கத்தின் கணக்கு

‘மிஸ்டர் டம்பரின் மேன்’ தட்டு 1965 ஏப்ரல் 12 வெளியானது. ஜூனில் அமெரிக்காவில் முதலிடம். பிரிட்டனிலும் முதலிடம். லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்ட்ரிப் தெருவில், சீரோஸ் கிளப்பில் இவர்கள் பாடிய இரவுகளில் ஹாலிவுட்டே அங்கே இருந்தது. டிசம்பரில் ‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ முதலிடம் பிடித்து 3 வாரம் நின்றது. பைபிளின் சபை உரையாளர் நூலிலிருந்து எடுத்த வரிகளுக்கு ஃபோக் பாடகர் பீட் சீகர் போட்ட மெட்டு அது.

இரண்டு பெரிய பாட்டுமே குழு எழுதியவை அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆனால் நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சின்னத் தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. முன்பக்கத்துப் பாட்டை ரேடியோ போடும். பின்பக்கம், அதாவது பி பக்கம், பெரும்பாலும் யாரும் கேட்காதது. காசு விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அன்றைய அமெரிக்கச் சட்டம் பாட்டை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் சேர்த்து, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டுக்கு 2 சென்ட் என்று கட்டணம் வைத்திருந்தது. 1909இல் வைத்த கட்டணம். 1978 வரை மாறவில்லை. 10 லட்சம் தட்டு விற்றால் ஒரு பக்கத்துக்கு 20,000 டாலர். அதைக் கேட்டார்களா, கேட்கவில்லையா என்பது கணக்கிலேயே வராது.

பேர்ட்ஸ் கொலம்பியாவில் போட்ட முதல் 3 தட்டுகளின் பி பக்கமும் ஒரே ஆள் எழுதியது: பாடலாசிரியர். முதல் ஆல்பத்தில் 12 பாட்டு. 4 டிலன் எழுதியவை. 5 பாட்டில் பாடலாசிரியர் பெயர் இருந்தது. அதில் மூன்றை அவர் தனியாக எழுதினார், இரண்டை முன்னணிக் கிட்டார்காரரோடு சேர்ந்து எழுதினார். மற்ற மூவரின் பெயரில் ஒரு பாட்டும் இல்லை.

பாடியதற்கும் வாசித்ததற்கும் கம்பெனி கொடுக்கும் ராயல்டி இருக்கிறதே, அது வேறு கதை. பதிவுச் செலவைக் கம்பெனி கழித்துக்கொள்ளும், மேலாளர் பங்கு போகும், மிச்சம் 5 கூறாகும். ஆக, ஒரே மேடையில் நின்ற ஐவரில் ஒருவருக்கு மட்டும் காசோலை வேறு அளவில் வந்தது. அவர் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினார். மற்றவர்கள் அப்போது அந்த நிலைக்கு வரவில்லை.

இதில் பாடலாசிரியர் யாரையும் ஏமாற்றவில்லை. எழுதினார், சட்டப்படி வாங்கினார். வாரத்துக்கு எத்தனை பாட்டு எழுதினார் என்று கணக்கே இல்லை; அவ்வளவு எழுதினார். அவர் எழுதிய சோகப் பாட்டுகளில் ஒரு வளைவு உண்டு, எதிர்பார்க்கும் இடத்தில் மெட்டு இறங்காமல் பக்கவாட்டில் நழுவும். முதல் ஆல்பத்தை இன்று கேட்டாலும், டிலன் பாட்டுகளுக்குப் பக்கத்தில் அவை சிறுத்துப் போகவில்லை. பாட்டு எழுதும் ஆற்றலைத் தண்டிக்காமலே மற்றவர்களின் வயிற்றெரிச்சலுக்கு வழி கண்டிருக்க முடியும். யாரும் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. பேசாத விஷயம் வேறு உருவங்களில் வெளியே வந்தது.

ஒரு உருவம் மேடையில் தெரிந்தது. தொடக்கத்தில் பாடலாசிரியர் தாளக் கிட்டார் வாசித்தார். அவருக்குத் தாளம் பிடிபடவில்லை என்று மேல்குரல் பாடகர் சொல்லிச் சொல்லி, கடைசியில் கிட்டார் கைமாறியது. குழுவின் முக்கியப் பாடலாசிரியர் கையில் டம்பரின் என்ற சலங்கை வாத்தியத்தோடு நடுவில் நின்றார். பழைய படங்களைப் பாருங்கள், கையை எங்கே வைப்பது என்று தெரியாத ஒருவர் நிற்பது தெரியும்.

இன்னொன்று ஆல்பத்தில் தெரிந்தது. இரண்டாம் ஆல்பத்தில் அவருடைய பாட்டு மூன்றுதான் ஏறியது. அவர் எழுதி வைத்தவை வெளியே நின்றன. மூன்றில் ஒன்று 1966 ஜனவரியில் தனித் தட்டாக வந்தது. விற்பனை போதவில்லை என்றதும் தட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை விளம்பரம் செய்தார்கள். இரண்டு பக்கமும் முதல் 50க்குள் வரவில்லை.

இடையில் பிரிட்டன் பயணம் ஒன்று, 1965 ஆகஸ்டில். ‘பீட்டில்ஸுக்கு அமெரிக்காவின் பதில்’ என்று விளம்பரம் செய்துவிட்டார்கள். அந்தச் சுமையை எந்தக் குழுவும் தூக்க முடியாது. மேடை மந்தமாக இருந்தது, பத்திரிகைகள் கிழித்தன. அதே ஒலியுள்ள பெயர் வைத்திருந்த ஒரு ஆங்கிலக் குழு வழக்கறிஞர் நோட்டீஸோடு விமான நிலையத்தில் காத்திருந்தது. ஐவரும் களைத்துப் போய் ஊர் திரும்பினார்கள். ஆனால் அந்தப் பயணத்தின் நினைவிலிருந்துதான் அவர்களுடைய மிகச் சிறந்த பாட்டு பிறந்தது.

இரண்டாம் முடிவு: விமானம்

‘எய்ட் மைல்ஸ் ஹை’ லண்டனுக்குப் பறந்த அனுபவத்தைச் சொல்லும் பாட்டு. விமானம் பறப்பது தரையிலிருந்து சுமார் 6 மைல் உயரத்தில். பாட்டுக்கு 8 என்ற சொல்தான் நன்றாக இருக்கிறது என்று பாடலாசிரியர் மாற்றினார். 1965 நவம்பரில் பேருந்தில் ஊர் ஊராகப் போன நாட்களில், மேல்குரல் பாடகர் கொண்டுவந்த ஒரு கேசட்டை ஓயாமல் கேட்டார்கள். ஒரு பக்கம் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன், மறுபக்கம் ரவிசங்கர். முன்னணிக் கிட்டார்காரர் தன் 12 கம்பியில் சாக்ஸபோன் வாசிக்கப் பார்த்ததன் விளைவுதான் அந்தப் பாட்டின் முகப்பு. பாப் பாட்டுக்குப் பழகிய காதுக்கு அது உடைந்து சிதறுவது போல இருக்கும். ராகம் கேட்டுப் பழகியவர்களுக்கு, ஒரே சுருதியைச் சுற்றிச் சுற்றி வந்து இறுக்கத்தை ஏற்றுவது புரியும்.

பாட்டில் மூவர் பெயர் இருந்தது, முதலில் பாடலாசிரியர் பெயர். வேறு கம்பெனியின் ஸ்டுடியோவில் பதிவு செய்துவிட்டார்கள் என்று கொலம்பியா மறுத்ததால் 1966 ஜனவரியில் திரும்பப் பதிவு செய்தார்கள். மார்ச் 14 வெளியீடு.

வெளியாவதற்குள் பாடலாசிரியர் குழுவில் இல்லை.

நடந்தது இது. நியூயார்க்குக்கு ஒரு வேலையாகக் கிளம்பும் நேரம். விமானத்தில் ஏறி உட்கார்ந்தவருக்குப் படபடப்பு மிஞ்சிப்போனது. விமானம் கிளம்புவதற்கு முன்பே இறங்கிவிட்டார். பறக்கும் பயம் அவருக்குப் பழையது. அதற்கு மேல் ஒரு வருட ஓயாத பயணம், மேடையில் இழந்த கிட்டார், தட்டில் ஏறாத பாட்டுகள். பறக்க முடியாதவன் பேர்டாக இருக்க முடியாது என்று முன்னணிக் கிட்டார்காரர் சொன்னதாகப் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. அதோடு முடிந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். அதே லாஸ் ஏஞ்சலிஸில், ஒரு வருடம் சொச்சம் முன்னால், 1964 டிசம்பரில், பீச் பாய்ஸ் குழுவின் முக்கியப் பாடலாசிரியருக்கு ஹூஸ்டன் போகும் விமானத்தில் இதே மாதிரி நேர்ந்தது. அழுகை, நடுக்கம். அந்தக் குழு வேறு முடிவு எடுத்தது. அவர் ஊரில் இருந்து எழுதிப் பதிவு செய்யட்டும், மேடைக்கு வேறு ஆள் வரட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். 1966இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் இன்று வரை உலகின் தலைசிறந்தவற்றில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதற்கான பாட்டுகளும் வாத்திய அமைப்பும் பெரும்பாலும் அந்த ஊரில் தங்கிய ஆளிடமிருந்து வந்தவை. அங்கேயும் சண்டை, மனக்கசப்பு எல்லாம் இருந்தது. ஆனால் ஆள் இருந்தார்.

பேர்ட்ஸ் ஏன் அப்படிச் செய்யவில்லை? என் கணிப்பு இது: அவர் ஊரில் உட்கார்ந்து எழுதியிருந்தால், மற்ற நால்வரும் வெயிலிலும் குளிரிலும் ஊர் சுற்றி விற்கும் தட்டுகளுக்கு எழுத்துக் காசு அவருக்கே போயிருக்கும். ஏற்கனவே எரிந்துகொண்டிருந்த விஷயம். அவர் போனதும் ஆல்பத்தில் இடம் காலியானது. மூன்றாம் ஆல்பத்திலும் நான்காம் ஆல்பத்திலும் மற்றவர்கள் நிறைய எழுதினார்கள், பாஸ்காரர் உட்பட. அவர்கள் எழுதியதில் நல்லவையும் பல உண்டு. ஆனாலும் ஒரு மருத்துவப் பிரச்சினைக்கு நடுவில் பங்கீட்டுப் பிரச்சினை புகுந்து முடிவை எடுத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பாட்டு 14ஆம் இடம் வரைதான் போனது. ரேடியோ நிலையங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு இதழ் அதைப் போதைப் பாட்டு என்று எழுதியதும் பல நிலையங்கள் நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு அமெரிக்காவில் இவர்களுடைய எந்தத் தனித் தட்டும் முதல் 20க்குள் வரவில்லை.

தொடர்ந்தவை: 1967, 1968

அப்புறம் அதே கேள்வி அடுத்த ஆளிடம் போய் நின்றது. மேல்குரல் பாடகருக்கு இப்போது எழுத இடம் கிடைத்தது, பேசவும். 1967 ஜூனில் மான்டரே பாப் இசை விழா மேடையில் பாட்டுகளுக்கு இடையில் அவர் அரசியல் பேசினார், மற்றவர்கள் நெளிந்தார்கள். அதே விழாவில் வேறொரு குழுவோடும் மேடையேறிப் பாடினார். அவர் எழுதிய ஒரு பாட்டை விட்டுவிட்டு, வெளியாட்கள் எழுதிய ஒரு பாட்டைப் பதிவு செய்ய மற்றவர்கள் நினைத்தபோது சண்டை முற்றியது. மறுபடியும், யார் பாட்டு தட்டில் ஏறுவது என்ற கேள்விதான். அக்டோபரில் முன்னணிக் கிட்டார்காரரும் பாஸ்காரரும் காரில் அவர் வீட்டுக்குப் போய், நீ இல்லாமலே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். 1964இலிருந்து கூட இருந்த மேலாளரையும் அந்த வருடமே அனுப்பிவிட்டிருந்தார்கள்.

காலி இடத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள்? பாடலாசிரியரை. அவர் திரும்பி வந்தார். 3 வாரம் இருந்தார். பயணம் என்றதும் அதே பயம், மறுபடி போய்விட்டார். ஒன்றரை வருடத்தில் அவர் பயம் மாறவில்லை, குழுவின் வேலைமுறையும் மாறவில்லை. அப்புறம் முடிவு மட்டும் எப்படி மாறும்? டிரம்மரும் கிளம்பினார். 1968 ஜனவரியில் வந்த ஆல்பத்தை இருவராக முடித்தார்கள், கூலிக் கலைஞர்களின் துணையோடு. அது அழகான ஆல்பம். அந்த வருத்தம் எங்கும் கேட்காது.

1968 பிப்ரவரியில் ஒரு இளம் பாடகரைச் சேர்த்தார்கள், சம்பளத்துக்கு. பங்குதாரர்கள் இருவர், மற்றவர்கள் ஊழியர்கள் என்று ஆகிவிட்டது. அந்த இளைஞர் குழுவை நாட்டுப்புற கன்ட்ரி இசைப் பக்கம் திருப்பினார். மார்ச்சில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போய்ப் பதிவு. அங்குள்ள பேர்போன கன்ட்ரி இசை மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியிலும் ஏறினார்கள். அங்கே கூட்டம் இவர்களை விரும்பவில்லை. ஆகஸ்டில் வந்த ஆல்பம் 77ஆம் இடம். கன்ட்ரி ராக் என்ற பெயரில் பின்னால் வந்த பலருக்கு அதுதான் வழிகாட்டி என்பது பிறகு புரிந்தது.

ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே அந்த இளைஞர் விலகிவிட்டார். ஜூலையில் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் பயணம் போக அவர் மறுத்தார். மற்றவர்கள் போனார்கள். கறுப்பர், வெள்ளையர் இருவருக்கும் பாடலாம் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். அங்கே போனால் அது நடக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் திட்டு வாங்கித் திரும்பினார்கள். போகக் கூடாது என்று சொன்ன ஊழியரின் சொல்லைப் பங்குதாரர்கள் கேட்டிருக்க வேண்டும். சிறிது நாளில் பணக் கணக்கு பற்றி அப்போதைய மேலாளரோடு மோதி பாஸ்காரரும் வெளியேறினார்.

அதன் பிறகு முன்னணிக் கிட்டார்காரர் புது ஆட்களை வைத்து 1973 வரை நடத்தினார். அந்த வருடங்களை நான் சுருக்கமாகக் கடக்கிறேன். மேடையில் குழு முன்னெப்போதையும்விடத் தேர்ச்சியாக இருந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். 1973இல் பழைய ஐவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார்கள். அதில் ஐவருமே கவனமாக ஒருவருக்கு ஒருவர் இடம் விட்டார்கள். எல்லோரும் நல்ல பாட்டுகளைத் தங்கள் தனி ஆல்பத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டதாகக் கேட்பவருக்குத் தோன்றும். விமர்சனங்கள் மோசம். பாடலாசிரியரின் 2 பாட்டுகள் மட்டும் நிற்கின்றன.

விளைவு: பெயர் யாருடையது

1980களில் டிரம்மரும் பாடலாசிரியரும் பேர்ட்ஸுக்கு அஞ்சலி என்ற பெயரில் ஊர் ஊராகப் பாடினார்கள். பிறகு டிரம்மர் மட்டும் ‘பேர்ட்ஸ்’ பெயரிலேயே தொடர்ந்தார். 1989இல் மற்ற மூவரும் பெயரைக் காப்பாற்றச் சில கச்சேரிகள் செய்துவிட்டு நீதிமன்றம் போனார்கள். கேட்ட தடை கிடைக்கவில்லை. அட்டைப்பெட்டி தட்டிச் சேர்ந்தவர், முதல் தட்டில் வாசிக்க விடப்படாதவர், பெயரை வைத்துக்கொண்டார்.

அதே 1989இல் ராக் பாடகர் டாம் பெட்டி தன் ஆல்பத்தில் பாடலாசிரியரின் ஒரு பழைய பாட்டைச் சேர்த்தார். 1965இல் இரண்டாம் தட்டின் பி பக்கமாக வந்த பாட்டு அது. ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது, எழுத்துக் காசு பெரிதாக வந்தது. அப்போது பாடலாசிரியரின் உடல்நிலை ஏற்கனவே கெட்டிருந்தது. அந்தக் காசு அவரைப் பழைய பழக்கங்களுக்குத் திருப்பியது என்று நெருங்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1991 ஜனவரி 16 அன்று ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் ஐவரும் சேர்ந்து ஒரே மேடையில் நின்றார்கள். அதே வருடம் மே 24 அன்று பாடலாசிரியர் இறந்தார். வயது 46. டிரம்மர் 1993 டிசம்பரில். மேல்குரல் பாடகர் 2023 ஜனவரியில்.

எதை மாற்றியிருக்கலாம்

1965 ஜனவரியில் ஸ்டுடியோ கலைஞர்களை வைத்ததை நான் மாற்ற மாட்டேன். அன்றே பாஸ்காரரையும் டிரம்மரையும் உட்காரவைத்து, எப்போதிலிருந்து நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெளிவாகப் பேசியிருக்க வேண்டும்.

பி பக்கத்தை முறைவைத்துப் பிரித்திருக்கலாம். சில குழுக்கள் யார் எழுதினாலும் எழுத்துக் காசின் ஒரு பகுதியை எல்லோருக்கும் போடுகின்றன. பேர்ட்ஸுக்கு அது முழுதும் நியாயமாக இருக்காது, ஏனென்றால் எழுதியவர் உண்மையிலேயே மற்றவர்களைவிட அதிகம் எழுதினார். ஆனால் பி பக்கம் மட்டும் பொதுவானது என்று முதல் தட்டுக்கு முன்பே எழுதி வைத்திருந்தால், ஆல்பத்தில் எது ஏறுவது என்ற பேச்சில் காசு இவ்வளவு கலந்திருக்காது. முதல் தட்டு வெற்றி பெற்ற பிறகு இதைப் பேச முடியாது. அதற்குள் யாருக்கு எவ்வளவு போகும் என்பது தெரிந்துவிடுகிறது.

1966 விஷயத்தில், அவர் விமானத்திலிருந்து இறங்கிய அந்த வாரம் யாராவது அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். 1967இல் ஒருவரை நீக்குவதற்கு இருவர் காரில் போனார்கள்; அதே கார் ஒன்றரை வருடம் முன்னால் வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம். நீ ஊரில் இருந்து எழுது, பதிவுக்கு வா, மேடைக்கு வேறு ஒருவரைப் பார்க்கிறோம் என்று சொல்வதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவு ஒரு மேடைப் பாடகரின் சம்பளம். 1968இல் புது ஆட்களுக்கு அந்தச் சம்பளத்தைக் கொடுக்க இதே குழுவால் முடிந்தது.